ஆண்டையும் ஆண்டவரும்

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தின் வடக்கு ஓரத்தில் ஹென்பரி என்று ஓர் இடம். அங்குள்ள செயின்ட் மேரி தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் சாம்பல் பூத்து நிற்கும் கற்களுக்கு நடுவே ஒன்று மட்டும் வண்ணம் பூசிப் பளிச்சென்று தெரியும். தலைமாட்டுக் கல்லில் குட்டித் தேவதைகள். முகமெல்லாம் கறுப்பு. சஃபோக் பிரபுவின் நீக்ரோ வேலைக்காரன் ஸ்கிப்பியோ ஆஃப்ரிக்கானஸ், 1720 டிசம்பர் 21-இல் இறந்தான், வயது 18 என்று எழுதியிருக்கிறது.

பெயரைப் பாருங்கள். வட ஆப்பிரிக்கத் தளபதி ஹானிபாலைத் தோற்கடித்த ஸ்கிப்பியோ என்ற ரோமானியத் தளபதிக்கு, ஆப்பிரிக்காவை ஜெயித்தவன் என்று கொடுத்த பட்டம்தான் ஆஃப்ரிக்கானஸ். ஒரு கறுப்புப் பையனுக்குப் போய் அதை வைத்தார்களே, என்ன குசும்பு!

வேலைக்காரனுக்கு இவ்வளவு செலவு செய்து பிரபு கல் வைத்தாரே, எத்தனை பாசம் என்று உருகுகிறவர்கள் உண்டு. நானும் உருகியிருப்பேன், கால்மாட்டுக் கல்லைப் படிக்காமல் இருந்திருந்தால். அதில் எட்டு வரிப் பாட்டு, அவனே 'நான்' என்று பேசுவதுபோல. அஞ்ஞானியாக, அடிமையாகப் பிறந்தேன். இப்போது கிறிஸ்தவனாகச் சுகமாகத் தூங்குகிறேன். என் கறுப்பை இரட்சகர் ஒளியாக்கிவிடுவார் என்கிறான். அப்புறம்தான் விஷயம்: மேலே இருக்கும் 'லார்டிடம்' தனக்குச் சிபாரிசே, கீழே இருக்கும் 'லார்ட்' காட்டிய கருணைதானாம். இரண்டு பேருக்கும் ஒரே சொல். நம் ஊரில் ஆண்டை, ஆண்டவர் என்று வால் மட்டும் மாறும், அவ்வளவுதான். செத்த பிறகும் பையன் எஜமானருக்கு நற்சான்றிதழ் வாசித்துக்கொண்டே கிடக்கிறான்.

பாசமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. கூண்டுக்கிளி செத்தாலும் அழத்தான் செய்கிறோம்.

சரி, 300 வருஷம் கழித்தாவது நிம்மதியாக விட்டார்களா? 2020 ஜூன் 7-ஆம் தேதி, இதே பிரிஸ்டலில் நின்ற அடிமை வியாபாரி எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையைப் போராட்டக்காரர்கள் இழுத்துத் துறைமுகத்தில் தள்ளினார்கள். அதே மாதம் யாரோ வந்து இந்தத் தலைமாட்டுக் கல்லை இரண்டாக உடைத்துவிட்டு, சிலையைத் திரும்ப வை என்று சாக்பீஸில் மிரட்டி எழுதிவிட்டுப் போனார்கள். கோல்ஸ்டன் இறந்தது 1721 அக்டோபரில், இவன் போய்ப் பத்தே மாதத்தில். அந்தக் கணக்கை இந்தப் பிள்ளையிடமா தீர்ப்பது?

கல்லை மறுபடி ஒட்டிச் சரிசெய்துவிட்டார்கள். கோல்ஸ்டன் சிலை இப்போது எம் ஷெட் அருங்காட்சியகத்தில், பூசிய பெயின்ட்டோடு அப்படியே மல்லாந்து கிடக்கிறது.