எந்த ஒரிஜினல், சார்?

நேற்றைய கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அதனால் முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. அண்ணன் மகளுக்கு ஆறாவது பிறந்தநாள். ஸ்நோ ஒயிட் கவுன்தான் வேண்டும் என்று ஒரு மாதமாக ஒற்றைக்காலில் நின்றாள். நீல மேல்சட்டை, பஃப் கை, மஞ்சள் பாவாடை, தலையில் சிவப்பு ரிப்பன். படம் எடுத்துப் போட்டேன். அதற்குக் கீழே வந்து ஒருவர், "டிரெஸ் சூப்பர், ஆனா ஸ்நோ ஒயிட்டுக்குக் கொஞ்சமாவது ஒயிட் வேணாமா" என்று எழுதி மூன்று சிரிப்புப் பொம்மைகளை வைத்தார். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "கலரைச் சொல்லலைங்க, ஒரிஜினலைச் சொன்னேன். டிஸ்னிக்காரன் பண்ணுன தப்பையே நீங்களும் பண்ணாதீங்க" என்றார். 2025-இல் வந்த டிஸ்னி படத்தின் இளவரசி வெள்ளையாக இல்லை என்பதுதான் அவர் சொல்லும் தப்பு. அதற்கு நாற்பத்தேழு லைக். அதில் எட்டுப் பேர் என் கையால் காபி வாங்கிக் குடித்தவர்கள்.

சரி, ஒரிஜினலைப் பற்றியே பேசுவோம். கதை மறந்தவர்களுக்கு ஒரு வரி: ஸ்நோ ஒயிட்தான் அழகி என்று மாயக் கண்ணாடி சொன்னதும் ராணி பொறாமையில் அவளைக் கொல்லப் பார்க்கிறாள், அவள் காட்டில் ஏழு குள்ளர்கள் வீட்டில் ஒளிகிறாள், ராணி கொடுத்த விஷ ஆப்பிளைத் தின்று செத்தவள்போல் விழுந்தவளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். கோபத்தில் எழுதவில்லை. ராத்திரி கோபத்தில் எழுதியதை அழித்துவிட்டேன். இது காலையில் நிதானமாக உட்கார்ந்து எழுதுவது.

எந்த ஒரிஜினல், சார்?

1812-இல் ஜெர்மனியில், நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் அச்சில் போட்ட கதையா? அதில் கண்ணாடி அவளை அழகி என்று சொல்லும்போது அவளுக்கு ஏழு வயது. கொல்லச் சொல்வது சித்தி இல்லை, பெற்ற தாய். 1819-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோதுதான் பெற்றவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். அதாவது, தொகுத்தவர்களே ஏழு வருஷத்தில் 'ஒரிஜினலைக் கெடுத்துவிட்டார்கள்'. அந்த ராணி, மகளின் நுரையீரல், ஈரல் என்று நம்பிக் காட்டுப்பன்றியுடையதை உப்புப் போட்டு வேகவைத்துச் சாப்பிடுகிறாள். கடைசியில் முத்தமெல்லாம் கிடையாது. இளவரசன் கண்ணாடிப் பெட்டியைத் தன் இடத்துக்குக் கொண்டுபோய், தான் போகிற பக்கமெல்லாம் அதைத் தூக்கிவரச் சொல்கிறான். சுமந்து சுமந்து அலுத்துப்போன வேலைக்காரன் ஒருவன் எரிச்சலில் பெட்டியைத் திறந்து அவள் முதுகில் ஒரு அடி வைக்கிறான். தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது. எழுந்துவிட்டாள். காவியக் காதல் முடிந்தது.

இந்த ஒரிஜினலைக் காப்பாற்றத்தான் நேற்று வந்தீர்களா?

இல்லை, 1937 டிசம்பரில் வந்த டிஸ்னி கார்ட்டூனைச் சொல்கிறீர்கள். அது எனக்கும் தெரியும். உங்களைவிட அதிக முறை பார்த்திருப்பேன். ஆனால் ராஜா, அதுவே கதையை இஷ்டத்துக்கு மாற்றி எடுத்த படம். ஏழு வயதுக் குழந்தையைக் காதலிக்கிற வயதுக்குக் கொண்டுவந்தார்கள். கதையில் ராணி மூன்று தடவை கொல்ல வருகிறாள்: இடுப்புக் கயிறு, விஷச் சீப்பு, ஆப்பிள். படத்தில் ஆப்பிள் மட்டும். பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை மாட்டிச் சாகும்வரை ஆடவைக்கிற கல்யாண மண்டபக் காட்சியைத் தூக்கிவிட்டு, ராணியை மலையிலிருந்து விழவைத்தார்கள். முத்தத்தைச் சேர்த்தார்கள். கிரிம் கதையில் குள்ளர்களுக்குப் பெயரே கிடையாது.

எனக்குப் பிடித்த மாற்றம் வேறொன்று. பிடித்தது என்றால், கடுப்பேற்றும் வகையில் பிடித்தது. கிரிம் கதையில் குள்ளர்களின் வீடு துடைத்துவைத்ததுபோல் சுத்தமாக இருக்கும். வெள்ளைத் துணி விரித்த மேசை, ஏழு சின்னத் தட்டு, வரிசையாக ஏழு கட்டில். இவள் பசியில் ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்குகிறாள். 1937-இல் அதே வீட்டில் ஒட்டடை, கழுவாத பாத்திரம். இவள் உள்ளே நுழைந்ததுமே, ஐயோ பாவம், அம்மா இல்லாத பிள்ளைகள் போல என்று துடைப்பத்தை எடுக்கிறாள். அணில் வாலால் தூசி தள்ளுகிறது, மான் தட்டை நக்கிக் கழுவப் பார்க்கிறது, இவள் அதட்டுகிறாள். அழகான காட்சி, பொய் சொல்லமாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். இளவரசி பெருக்க வேண்டும் என்பதற்காக வீட்டையே அழுக்காக்கியிருக்கிறார்கள்! கதையிலும் குள்ளர்கள் சமைக்க, துவைக்க, தைக்கச் சொல்லித்தான் தங்கவைக்கிறார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் அது கேட்டுப் பெற்ற ஒப்பந்தம். படத்தில் இவளாகவே ஆரம்பித்துவிடுகிறாள்.

இன்னொன்று. டிஸ்னி படத்துக்கு நாலு வருஷம் முன்பே, 1933-இல், பெட்டி பூப் என்ற கவர்ச்சிக் கார்ட்டூன் பெண் ஸ்நோ ஒயிட்டாக வந்தாயிற்று. குட்டைக் கவுன், காலில் கார்ட்டர், நடுவில் ஜாஸ் பாடகர் கேப் கேலோவேயின் பாட்டு. அந்த பெட்டி பூப்பை முதலில் வரைந்த கிரிம் நாட்விக் என்பவரையே (கிரிம் சகோதரர்களுக்கு உறவில்லை) வைத்துத்தான் டிஸ்னி தன் இளவரசியையும் வரையவைத்தார். இந்தத் தகவலைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். உங்கள் ஒரிஜினல் தேவதையின் கைரேகையில் கொஞ்சம் கேபரே இருக்கிறது, சார்.

இப்போது ஒரு சொந்தக் கதை. ஆறாம் வகுப்பில், பள்ளி ஆண்டு விழாவில், இதே நாடகம் போட்டோம். நானும் நடித்தேன். என்ன வேஷம் தெரியுமா? கண்ணாடி. ஆமாம், ராணியின் மாயக் கண்ணாடி. அட்டையை முட்டை வடிவில் வெட்டி, வெள்ளி ஜிகினாத்தாள் ஒட்டி, அதற்குப் பின்னால் என்னை நிற்கவைத்தார்கள். "உனக்குத் தொண்டை நல்ல கணீர்னு இருக்கு, மைக்கே வேணாம்" என்றார் டீச்சர். முகத்துக்கு ஓட்டை வெட்டலாமா என்று நான் கேட்டேன். "எதுக்கு? குரல் போதும்" என்றார். ராணியாகவும் இளவரசியாகவும் நடித்தவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, வகுப்பு போட்டோ பார்த்தால் யாரும் கண்டுபிடித்துவிடலாம். பசை வாசனையும் ஜிகினாவின் சூடும் இப்போதும் மூக்கில் இருக்கிறது. அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாடகம் முடிந்ததும் வந்து, "நீ எப்ப வந்தே, பார்க்கவே இல்லையே" என்றார்.

இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. முப்பது வருஷம் ஆகிறது, மறந்தே போயிருந்தேன். நேற்று ஞாபகப்படுத்தினீர்கள், நன்றி.

விஷயத்துக்கு வருகிறேன். 2012 என்ற ஒரே வருஷத்தில் மூன்று ஸ்நோ ஒயிட் வந்தாள். 'மிரர் மிரர்' படத்தில் குள்ளர்கள் வழிப்பறிக் கொள்ளையர்கள், அவர்களிடம் வாள்வீச்சுக் கற்றுக்கொள்கிறாள், மந்திரத்தில் மயங்கி ராணியையே சுற்றிவருகிற இளவரசனை இவள் முத்தமிட்டுத் தெளியவைக்கிறாள். எடுத்தவர் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங், அதனால் கடைசியில் இந்திப்படப் பாணியில் ஒரு கும்மாளப் பாட்டும் உண்டு. 'ஸ்நோ ஒயிட் அண்ட் த ஹன்ட்ஸ்மேன்' படத்தில் கவசம் மாட்டிப் படையோடு வந்து ராணியைக் குத்துகிறாள், கல்யாணம் இல்லை, முடிசூட்டு விழாவோடு படம் முடிகிறது. அந்த மாற்றத்துக்கெல்லாம் 'ஐயோ ஒரிஜினல்' என்று யாராவது அழுதீர்களா? அதில் ஸ்நோ ஒயிட்டாக நடித்த கிறிஸ்டன் ஸ்டூவர்ட் சிரிக்கவே மாட்டேன் என்கிறார் என்று மட்டும்தான் குறைபட்டீர்கள்.

மூன்றாவது, ஸ்பெயினின் 'பிளாங்காநீவெஸ்'. கறுப்பு வெள்ளை, பேசாப் படம், 1920-களின் செவில் நகரம். இளவரசி அங்கே மாடுபிடி வீரரின் மகள், குள்ளர்கள் ஊர் ஊராகப் போய் மாட்டோடு வித்தை காட்டுகிறவர்கள். ஆப்பிள் தின்று விழுந்தவளைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டுக் கண்காட்சியில் வைத்து, காசு வாங்கிக்கொண்டு முத்தமிட விடுகிறார்கள். வரிசை நிற்கிறது. ஒருத்தர் முத்தத்திலும் அவள் எழுந்திருக்கவில்லை. கடைசிக் காட்சியில் அந்த மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வழிகிறது. படம் முடிந்துவிடுகிறது. இருநூறு வருஷமாக இந்தப் பெண்ணை வைத்து நாம் செய்துகொண்டிருப்பது என்ன என்று என்னை யோசிக்கவைத்தது அந்த ஒரு சொட்டுதான். நேற்று வந்த நாற்பத்தேழு பேரில் ஒருவராவது இதைப் பார்த்திருந்தால் சொல்லுங்கள், மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.

அப்புறம் 2025-இல் டிஸ்னியே நடிகர்களை வைத்து மறுபடி எடுத்த ஸ்நோ ஒயிட். எல்லோரும் அடித்துத் துவைத்த படம். நன்றாக இல்லை, நானே சொல்கிறேன். கம்ப்யூட்டரில் செய்த அந்தக் குள்ளர்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. போட்ட பணமும் வரவில்லை. ஆனால் உங்கள் எரிச்சல் குள்ளர்கள் மேல் இல்லையே? இளவரசியாக நடித்த ரேச்சல் செக்லரின் தாய்வழிக் குடும்பம் கொலம்பியாவிலிருந்து வந்தது, அந்தப் பெண் பனி நிறத்தில் இல்லை, அதுதானே? பனிப்புயலின்போது பிறந்ததால் அந்தப் பெயர் என்று படத்திலேயே காரணம் சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் வெள்ளைச்சாமி என்று பெயர் இருப்பவர்களை எல்லாம் நிறுத்திவைத்து நிறம் பார்த்தா கூப்பிடுகிறோம்?

"பழைய கதையை ஏன் நோண்டணும், புதுசா எழுதட்டுமே" என்கிறவர்களுக்கு: நியாயம்தான். இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. பழைய பெயருக்கு டிக்கெட் விற்கிறது, அதனால் எடுக்கிறார்கள். ஆனால் 1937-இலும் அதே கணக்குதான்.

"நம்ம கதையில வெள்ளைக்காரியைப் போட்டா ஒத்துப்பீங்களா" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். தம்பி, நீங்கள் தமிழ்ப்படம் பார்ப்பதே இல்லையா? ஒரு வரி தமிழ் தெரியாத கதாநாயகிகளுக்குக் குரல் மட்டும் நம்மூர்ப் பெண்ணிடம் வாங்கி ஒட்டி எத்தனை வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம்? கறுத்த பெண் பாத்திரம் என்றால்கூடச் சிவந்த நடிகையைப் பிடித்து மை பூசுகிறோம். அப்போதெல்லாம் உங்கள் ஒரிஜினல் எங்கே மேயப் போனது? ஜிகினாவுக்குப் பின்னால் நின்று குரல் கொடுப்பது யார் என்று யாராவது கேட்டீர்களா?

இன்னொன்று சொல்கிறேன். கிரிம் கதையில் அந்தத் தாய் ஒரு நிறத்தைக் கேட்கவில்லை, மூன்று நிறம் கேட்கிறாள். பனிபோல் வெண்மை, ரத்தம்போல் சிவப்பு, கருங்காலிபோல் கறுப்பு. ஆமாம், கருங்காலி. நீங்கள் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு புரொஃபைல் படம் வைத்திருக்கிறீர்களே, அதே கருங்காலி. மரத்தில் இருந்தால் ராசி, மகள் முகத்தில் இருந்தால் குறை. ஜெர்மன் மொழியில் ராணி கண்ணாடியிடம் கேட்பது அழகைப் பற்றி. ஆங்கிலத்துக்குப் போனபோதுதான் ஃபேர் என்ற ஒரே சொல்லுக்குள் அழகும் வெளுப்பும் ஒட்டிக்கொண்டன. 2025 படம் அதே சொல்லை நேர்மை என்று திருப்பிப்போட்டு விளையாடுகிறது. நம்மிடம் அந்தச் சிக்கலே இல்லை. "பொண்ணு நல்ல கலர்" என்றால் என்ன கலர் என்று யாரும் கேட்பதில்லை.

"கருப்பா இருந்தாலும் களையா இருக்கா." பெண் பார்க்க வந்தவர்கள் என்னைப் பற்றிச் சொன்னது. பாராட்டாம். அம்மாவும் சந்தோஷப்பட்டார். அந்த 'இருந்தாலும்' மட்டும் எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. அதே 'இருந்தாலும்' நேற்று ஆறு வயதுக் குழந்தைக்கு மூன்று பொம்மைகளோடு வந்து சேர்ந்திருக்கிறது. "ஜோக்கைக்கூட ஜோக்கா எடுத்துக்கத் தெரியலையா" என்று இன்பாக்ஸில் அறிவுரை சொன்ன அக்காவுக்கு: எடுத்துக்கொண்டேன் அக்கா. முப்பது வருஷமாக எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அண்ணன் ராத்திரி பத்தரைக்கு போன் செய்தான். "போட்டோவை எடுத்துரு, எதுக்கு வம்பு" என்றான். அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன். பாப்பாவுக்கு எதுவும் தெரியாது, கவுனைக் கழற்றமாட்டேன் என்று அப்படியே தூங்கியிருக்கிறாள்.

காலையில் அண்ணியிடம் கேட்டுக்கொண்டு அதே படத்தைத் திரும்பப் போட்டிருக்கிறேன். சார், உங்களை நான் பிளாக் செய்யவில்லை. நீங்கள் பார்க்க வேண்டும். படத்துக்குக் கீழே முதல் ஆளாக நானே எழுதிவிட்டேன், ஆறாம் வகுப்பில் பாடமாக்கியது, ஒரு எழுத்துகூட மறக்கவில்லை: "அரசியே, நீ அழகிதான். ஆனால் உன்னைவிட ஆயிரம் மடங்கு அழகி ஒருத்தி ஏழு மலைக்கு அப்பால் இருக்கிறாள்."