கக்கனின் வறுமையை மட்டும் பகிராதீர்கள்

கக்கனின் நினைவு நாளான டிசம்பர் 23 வந்துவிட்டால் அவரைப் பற்றிய அதே பதிவு எல்லார் பக்கத்திலும் வரும். மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் கவனிப்பாரின்றிக் கிடந்த முன்னாள் அமைச்சர், வேறொருவரைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர். அவரைக் கண்டு பதறிப்போனது, கீழே 'இப்படியும் ஒரு மனிதர்' என்று வரிசையாகக் கமெண்டுகள். அப்புறம் அடுத்த டிசம்பர்தான்.

எனக்கு இதில் ரொம்ப நாளாக வருத்தம் உண்டு. 1957 முதல் 1967 வரை பத்து ஆண்டுகள் அமைச்சராக இருந்தவர் அவர். அந்தப் பத்து ஆண்டுகளில் என்ன செய்தார் என்று பகிர்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. அவர் எப்படிக் கஷ்டப்பட்டார் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டியில் 1908-இல் பிறந்தவர். 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர், கோயில் நுழைவு மறுக்கப்பட்டிருந்த சமூகங்களிலிருந்து மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்ற ஆறு பேரில் ஒருவர். அன்றைக்கு அப்படி நுழைந்தவர்களைக் காக்க ஒரு சட்டமும் இல்லை. ராஜாஜி அரசின் அவசரச் சட்டமே அதற்குப் பிறகுதான் வந்தது. வழக்கு வரலாம், அடி விழலாம், ஊருக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. 31 வயதில் அந்த வாசலைத் தாண்டிய துணிச்சலைப் பற்றி எத்தனை பேர் எழுதுகிறோம்? ஐயர் நடத்திய விடுதிகளில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வேலை, வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை, அரசியல் நிர்ணய சபையில் இடம், 1952-இல் மக்களவை என்று படிப்படியாக வந்தவர் அவர். யாரும் இரக்கப்பட்டுத் தூக்கிவிடவில்லை.

காமராஜர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறை அவரிடம் இருந்தபோதுதான், 1959-இல், வைகை அணை திறக்கப்பட்டது. எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு அந்த அணையின் நீர்மட்டம்தான் காலையில் பார்க்கிற முதல் செய்தி. 71 அடி உச்ச நீர்மட்டத்தில் இன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நாற்றங்காலைப் பற்றி யோசிப்பார்கள். பெரியாற்றுத் தண்ணீர் வைகை அணையில் தேங்கி, பேரணையில் பிரிந்து, கால்வாய் வழியாகக் கள்ளந்திரியைத் தாண்டி மேலூர் ஒருபோகப் பாசனத்துக்கு வரவேண்டும். அணையைக் கட்டியது அவர் ஒருவரே என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் சொல்லலாமே. மருத்துவமனைக் கட்டிலோடு மட்டும் ஏன் சேர்த்துச் சொல்கிறோம்?

சரி, சங்கடமான பக்கத்துக்கும் வருகிறேன். 1965 மொழிப்போரின்போது காவல்துறை அவருடைய பொறுப்பில் இருந்தது. ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பிறகு பல ஊர்களில் சூடு நடந்தது, அரசுக் கணக்கே சுமார் 70 உயிர்கள் என்றது. மத்திய அமைச்சர்களாக இருந்த சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். முதல்வர் பக்தவத்சலமும் உள்துறை அமைச்சர் கக்கனும் கொடுக்கவில்லை. கக்கனும் கொடுத்திருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். 1967-இல் மேலூரிலேயே அவர் தோற்றதை 'நல்லவரை மக்கள் தோற்கடித்துவிட்டார்கள்' என்று ஒரு வரியில் முடிக்கிறோம். பிள்ளைகளைப் பறிகொடுத்த கோபத்தோடு ஓட்டுப் போட்ட மக்களுக்கு அது நியாயமே இல்லை.

அவர் உள்துறையில் இருந்த 1964-இல்தான் ஊழல் தடுப்பு, கண்காணிப்பு இயக்ககமும் தொடங்கப்பட்டது. நேர்மை என்றால் கக்கன் என்கிற நாம் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. தனிமனித நேர்மை ஒரு ஆளோடு போய்விடும், அமைப்புதான் அவருக்குப் பிறகும் நிற்கும்.

அவர் ஏழையாகச் செத்ததைப் பெருமையாகச் சொல்லும்போது எனக்கு இன்னொன்றும் உறுத்துகிறது. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த தலைவர் என்றால் கடைசிவரை ஏழையாக இருந்தால்தான் கும்பிடுவோமா? மற்ற சமூகத்துத் தலைவர்களிடம் அணைக்கட்டையும் தொழிற்சாலையையும் கேட்கிற நாம், இவரிடம் மட்டும் கிழிந்த சட்டையைத் தேடுகிறோம். பத்தாண்டு அமைச்சராக இருந்தவர் முதுமையில் மருத்துவத்துக்கு அல்லாடினார் என்பது அன்றைய அரசுகளுக்கும் அவருடைய கட்சிக்கும் அவமானம். அந்த அவமானத்தை அவருடைய மகுடமாக்கிவிட்டு நாம் நழுவுகிறோம்.

அமைச்சராக அவர் சட்டமன்றத்தில் சொன்ன பதில்கள் அவைக்குறிப்புகளில் இருக்கின்றன. பாசனம், விவசாயம், காவல்துறை என்று துறைவாரியாக அவற்றைத் தொகுத்து, 1965 பற்றிய விவாதங்களையும் விடாமல், மலிவு விலையில் அரசு அச்சிட வேண்டும். ஆராய்ச்சி மாணவர்கள் யாராவது இந்த வேலையில் இறங்கியிருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். என்னால் ஆன உதவியைச் செய்கிறேன்.