கூண்டு எலியைக் காட்டி மாத்திரை விற்பவர்களிடம் கேட்க வேண்டியவை

பிளஸ் டூ பரீட்சை நெருங்கினால் போதும், பாளையங்கோட்டை டியூஷன் வட்டாரத்தில் ஞாபகசக்தி மாத்திரை விளம்பரங்கள் கிளம்பிவிடும். வல்லாரை, பிரம்மி என்று பெயர் மாறும். "புதிய மூளைச் செல்கள் வளரும், எலிகளில் நிரூபிக்கப்பட்டது" என்ற வரி மட்டும் மாறாது. வளர்ந்த எலியின் மூளையில் புது நரம்பணு பிறப்பது உண்மைதான். அதில் சண்டை இல்லை. எந்த எலி, எதோடு ஒப்பிட்டார்கள், எப்படி எண்ணினார்கள் என்பதில்தான் சண்டை.

நரம்பியல் ஆய்வாளர் ஜோசப் ஆல்ட்மன் இதை 1962-லேயே எழுதினார். 1965-ல் கோபால் தாஸோடு சேர்ந்து, கதிரியக்கத் தைமிடின் (டிஎன்ஏ-வின் ஒரு கூறு) ஏற்றிய எலிகளின் ஹிப்போகேம்பஸில், அதாவது நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியில், புதுச் செல்களைக் காட்டினார். 1977-ல் கப்ளானும் ஹைண்ட்ஸும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து அவை நரம்பணுக்கள்தான் என்றார்கள். அப்போதும் 90-கள் வரை பெரும்பாலோர் காதில் வாங்கவில்லை. இப்போது நன்கு நிலைபெற்ற இடங்கள் இரண்டு: ஹிப்போகேம்பஸின் டென்டேட் கைரஸ், மூளைக்குள் நீர் நிறைந்த அறையின் பக்கச்சுவர், அங்கே பிறப்பவை நகர்ந்து முகர்வுக் குமிழுக்குப் போகின்றன. இளம் வெள்ளை எலியின் டென்டேட் கைரஸில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 9,000 செல்கள் பிறக்கின்றன என்பது 2001-ம் ஆண்டுக் கணக்கு. அவற்றில் பாதியளவு சில வாரங்களிலேயே செத்துவிடும். வயது ஏற ஏறப் பிறப்பும் வெகுவாகச் சரியும். இரண்டு மாத எலியில் கிடைத்த எண்ணை அறுபது வயதுப் பெரியவருக்கு விற்பது எந்த ஊர் நியாயம்?

அடுத்து, ஒப்பீடு. விளையாட்டுச் சாமானும் சுரங்கமும் நிறைந்த பெரிய கூண்டில் வளர்ந்த சுண்டெலிகளுக்குப் புது நரம்பணுக்கள் கூடுதல் என்று 1997-ல் வந்தது. ஓடுசக்கரம் வைத்தாலே தப்பிப் பிழைக்கும் புதுச் செல்கள் சுமார் இரு மடங்காகின்றன என்று 1999-ல் வந்தது. இரண்டும் நல்ல ஆய்வுகள். ஆனால் எதைவிடக் கூடுதல்? மரத்தூள் போட்ட பிளாஸ்டிக் தொட்டியில், தீவனக் கட்டியைக் கொறித்துக்கொண்டு, நாலடி ஓட இடமில்லாமல் கிடந்த சுண்டெலியைவிட. காட்டிலிருந்து பிடித்துவந்த ஐரோப்பிய மரச்சுண்டெலிக்குச் சக்கரம் கொடுத்து 2009-ல் பார்த்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. என் கருத்து இதுதான்: "கூடியது" என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி, கூண்டில் குறைந்துபோனது திரும்பி வந்ததாக இருக்கலாம். அம்பாசமுத்திரம் பக்கம் பிசான நெல் பருவத்தில் வரப்பு தோண்டி, கதிர் அறுத்து வளைக்குள் சேர்க்கும் எலிக்கு யார் சக்கரம் வாங்கிக் கொடுத்தது வே?

எண்ணும் விதத்தில்தான் அதிகம் கோளாறு நடக்கும். புதுச் செல்லை அடையாளம் காண எலிக்கு ஊசியில் ஏற்றும் வழக்கமான பொருள் பிஆர்டியு. செல் டிஎன்ஏ-வை நகலெடுக்கும்போது தைமிடினுக்குப் பதில் உள்ளே போய் உட்காரும். எலியின் எடையில் கிலோவுக்கு 50 மி.கி. என்றால் 25 கிராம் சுண்டெலிக்கு 1.25 மி.கி.; மில்லிக்கு 10 மி.கி. கரைசலில் 0.125 மி.லி. உப்புநீரில் இளஞ்சூட்டில் கரைக்க வேண்டும். ஆறினால் படிகம் கட்டும். கவனிக்காமல் போட்டால் ஒரு எலிக்கு முழு அளவு, அடுத்ததற்குப் பாதி. மரபணுவைப் பாதிக்கும் பொருள், கையுறை கட்டாயம். உடலில் அது வேலை செய்வது சுமார் இரண்டு மணி நேரம்தான். ஒரு நாளுக்குள் மூளையை எடுத்தால் எத்தனை செல் பிரிந்தது என்று தெரியும். நாலு வாரம் கழித்து எடுத்தால் எத்தனை பிழைத்தது என்று தெரியும். இரண்டையும் குழப்பி "நரம்பணு கூடியது" என்று எழுதுகிறவர்கள் உண்டு.

4% பாராஃபார்மால்டிஹைடில் பதப்படுத்தி, 30% சர்க்கரைக் கரைசலில் மூளை அடியில் தங்கும்வரை ஊறவைத்து, 40 மைக்ரான் சீவலாக வெட்டுவார்கள். பிறகு 2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 37 டிகிரியில் அரை மணி நேரம், அடுத்து பிஎச் 8.5 போரேட் கரைசல். அமிலம் போதாவிட்டால் டிஎன்ஏ இழை பிரியாது, உள்ளே இருக்கும் பிஆர்டியு-வில் சாயமே பிடிக்காது. மிஞ்சினால் நரம்பணுவைக் காட்டும் நியூன் சாயம் அழிந்து, புது நரம்பணு "இல்லை" என்றாகிவிடும். நரம்பணுவின் மேல் ஒட்டிக்கிடக்கும் கிளியா என்ற துணைச் செல்லும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். கான்ஃபோக்கல் நுண்ணோக்கியில் ஆழம் ஆழமாகப் பார்க்காத எண்ணிக்கையை நான் நம்பமாட்டேன்.

"சின்னப் பாலூட்டி எல்லாம் ஒன்றுதானே" என்பவர்களுக்கு: பல வௌவால் இனங்களில் வளர்ந்த பின் ஹிப்போகேம்பஸில் புது நரம்பணு கிடையாது, அல்லது மிகச் சொற்பம். 2007-ல் வெளிவந்த சேதி. ராத்திரி முழுக்க இரை தேடிவிட்டு அதே இருப்பிடத்துக்குத் திரும்பத் தெரிந்த பிராணி அது! ஐரோப்பிய மூஞ்சூறு ஒன்றிலும் இளமையிலேயே உற்பத்தி வற்றிவிடுகிறது.

நம் பக்கத்து விலங்கியல் மாணவர்கள் யாராவது வயல் எலியில் இதைப் பார்க்க நினைத்தால், முதலில் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி. கிட்டிப் பொறியில் மாட்டி இரவே செத்த எலி உதவாது. விடிவதற்குள் நம்ம ஊர் வெக்கையில் இளம் நரம்பணுவைக் காட்டும் டபுள்கார்ட்டின் புரதம் சிதைய ஆரம்பித்திருக்கும். உயிரோடு பிடித்து நாள்கணக்கில் அடைத்துவைத்தால், பயத்தில் ஏறும் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோன் செல் பிரிவைக் குறைத்துவிடும். வயதைக் கணிக்க, வயதோடு கனத்துக்கொண்டே போகும் கண்வில்லையை உலர்த்தி எடை போடுங்கள். சாயம் ஹிப்போகேம்பஸில் பிடிக்கவில்லை என்றால், அதே மூளையில் முகர்வுக் குமிழுக்குப் போகும் பாதையைப் பாருங்கள். அங்கே பிடித்து இங்கே பிடிக்காவிட்டால்தான் "இல்லை" என்று எழுதலாம்.

மனிதர் விஷயம் இன்னும் தீரவில்லை. அணுகுண்டுச் சோதனைகள் விட்டுப்போன, செல்லின் டிஎன்ஏ-வில் சேர்ந்த கார்பன்-14-ஐ வைத்துச் செல்லின் வயதைக் கணித்து, ஒவ்வொரு ஹிப்போகேம்பஸிலும் நாளுக்கு 700 புது நரம்பணு என்றது 2013 ஆய்வு. பெரியவர்களில் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றது 2018-ல் ஒன்று. இருக்கிறது என்றது அதே ஆண்டில் இன்னொன்று. ஆகவே பிள்ளை வ.உ.சி. மைதானத்தில் ஓடட்டும், நெஞ்சுக்கும் தூக்கத்துக்கும் நல்லது. மாத்திரைக்காரர் வந்தால் எலியின் வயது, ஒப்பீட்டுக் கூண்டு, சாயம், எத்தனை வாரம் கழித்து எண்ணினார்கள், நாலையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள்.