பேய் முதலில் பேயாக இருக்கட்டும்

பல படங்களின் முடிவுகளை இந்தப் பதிவில் வெளிப்படையாகவே பேசியிருக்கிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டுப் படிப்பது நல்லது.

கடந்த பத்தாண்டுகளில் வந்த முக்கியமான திகில் படங்களில் ஒருமனதான வரவேற்பைப் பெற்றவை மிகக் குறைவு. ஒரே படத்தை ஒரு சாரார் இந்தத் தலைமுறையின் உச்சம் என்று கொண்டாடுகிறார்கள், மறு சாரார் இரண்டு மணி நேரம் வீணாய்ப் போயிற்று என்று திட்டுகிறார்கள். அதோடு நின்றால் பரவாயில்லை. படம் பிடிக்கவில்லை என்பவரிடம் உனக்குப் புரியவில்லை என்றும், பிடித்திருக்கிறது என்பவரிடம் மேதாவி வேஷம் போடாதே என்றும் சொல்லி, படத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்கிறோம். எனக்கு இந்த இரு கட்சிகளிலும் உடன்பாடில்லை. பேயோ பிசாசோ சாத்தானோ, அது அந்தப் படத்தின் உலகத்தில் மெய்யாகவே இருக்க வேண்டும், அதற்கென்று ஒரு பசியும் ஒரு விதியும் இருக்க வேண்டும் என்பதுதான் என் அளவுகோல். துயரம், குற்றவுணர்வு, இனவெறி, முதுமை குறித்த அச்சம் என்று அது எதை வேண்டுமானாலும் குறிக்கட்டும். ஆனால் குறிப்பது அதன் இரண்டாவது வேலை.

இந்தப் பிளவு எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சினிமாஸ்கோர் மதிப்பெண்களைப் பார்த்தாலே போதும். அமெரிக்காவில் படம் வெளியாகும் முதல் நாளிலேயே திரையரங்கில் இருப்பவர்களிடம் கருத்துக் கேட்டு, ஏ பிளஸ் முதல் எஃப் வரை தரம் இடும் நிறுவனம் அது. விமர்சகர்கள் தூக்கி வைத்துக் கொண்டாடிய ‘தி விட்ச்’ அங்கே சி மைனஸ் வாங்கியது, ‘ஹெரிடிட்டரி’ டி பிளஸ் வாங்கியது, 2017இல் வந்த ‘இட் கம்ஸ் அட் நைட்’ வெறும் டி வாங்கியது. அதே ஆண்டில் டேரன் அரோனோஃப்ஸ்கியின் ‘மதர்!’ எஃப் வாங்கியது. இதை வைத்து மக்களுக்கு ரசனை இல்லை என்று முடிவுகட்டுவது சோம்பேறித்தனம். முதல் நாள் டிக்கெட் எடுப்பவர் பெரும்பாலும் ட்ரெய்லர் தந்த வாக்கை நம்பி வருகிறவர். இரவில் ஏதோ வரப்போகிறது என்று தலைப்பிலேயே பூச்சாண்டி காட்டிவிட்டு, கடைசிவரை எதுவும் வராமல், கொள்ளைநோய்க்கு அஞ்சி ஒரே வீட்டில் அடைந்து கிடக்கும் இரண்டு குடும்பங்களின் சந்தேகத்தை மட்டுமே காட்டினால், அவர் டி போடுவதில் நியாயம் இருக்கிறது. படம் மோசமானதல்ல, விற்றவர்கள் வேறொன்றைச் சொல்லி விற்றார்கள்.

‘மதர்!’ படத்தின் கதை வேறு. அங்கே குறை விளம்பரத்தில் மட்டும் இல்லை. பாத்திரங்களுக்குப் பெயர் கிடையாது, வீடு வீடாக இல்லை, விருந்தாளிகள் விருந்தாளிகளாக இல்லை, எல்லாமே விவிலியத்துக்கும் பூமிக்கும் படைப்பாளியின் ஆணவத்துக்கும் ஆளெடுத்து வைத்த பிரதிநிதிகள். இதைக் கண்டுபிடித்த நொடியில் எனக்குப் பயம் போய்விட்டது. பிரதிநிதி செத்தால் யாருக்கு வலிக்கும்?

‘ஹெரிடிட்டரி’ பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை விரும்புகிறவர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. ஆரி ஆஸ்டரின் இந்த முதல் முழுநீளப் படம் 2018இல் வந்தது. அதன் ரசிகர்களில் பலர் முக்கால் படம் வரை மகத்தானது, கடைசி இருபது நிமிடத்தில் வழிபாட்டுக் கும்பலும் பைமன் என்ற அரக்க அரசனும் வந்து கெடுத்துவிட்டார்கள் என்பார்கள். ஒரு குடும்பத்தின் துக்கத்தைப் பற்றிய நுட்பமான நாடகமாகவே அது முடிந்திருக்க வேண்டுமாம். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கை மரம் ஏறத்தான் வேண்டும் என்பதைத் தவிர இவர்களுக்கு என்ன சொல்வது? அந்த முடிவு இல்லையென்றால் முன்னால் உள்ள படமே இல்லை. அண்ணன் பீட்டர் தங்கையை ஏற்றிக்கொண்டு விருந்துக்குப் போகும் வழியில் கார் ஒரு மின்கம்பத்தைக் கடக்கிறது, அந்தக் கம்பத்தில் பைமனின் சின்னம் ஏற்கெனவே செதுக்கப்பட்டிருக்கிறது. அதே கம்பத்தில்தான் திரும்பும்போது அந்தச் சிறுமியின் தலை மோதுகிறது. விபத்து என்று நாம் அழுதது விபத்தே அல்ல. பள்ளியில் கிரேக்க வீரன் ஹெராக்ளிஸின் கதையைப் பாடமாக நடத்தும்போது, தப்பிக்க வழியே இல்லாதவனின் கதை கூடுதல் சோகமானதா குறைந்த சோகமானதா என்று மாணவர்கள் வாதிடுகிறார்கள், பின்வரிசையில் இருக்கும் பீட்டருக்கு அது காதில் விழவில்லை. அம்மா செய்யும் தொழிலோ பொம்மை வீடுகளைச் செதுக்குவது.

விபத்துக்குப் பிந்தைய அந்தச் சில நிமிடங்களை எத்தனை முறை வேண்டுமானாலும் சான்றாகக் காட்டலாம். பீட்டர் பின்னிருக்கையைத் திரும்பிப் பார்ப்பதில்லை, அதனால் கேமராவும் பார்ப்பதில்லை. அவன் முகத்திலேயே நிற்கிறது. மெதுவாக வண்டியை எடுத்து வீட்டுக்கு ஓட்டி வருகிறான், யாரிடமும் சொல்லாமல் படுக்கையில் போய் விழுகிறான், பொழுது விடிகிறது. அம்மா காரை எடுக்கக் கிளம்பும் ஓசை கேட்கிறது, பின்பு அவளுடைய அலறல். நாம் அப்போதும் பார்த்துக்கொண்டிருப்பது தூங்காத அந்தப் பையனின் முகத்தைத்தான். இதை மனித நாடகம் என்று சொல்லி, பைமனைத் தனியே வெட்டி எடுத்துவிட முடியாது. இந்தத் துயரத்தை யாரோ திட்டமிட்டு உண்டாக்கினார்கள், அதை உண்டு கொழுக்க ஒருவன் காத்திருக்கிறான் என்பதுதான் படத்தின் உண்மையான கொடூரம்.

அப்படியானால் சாத்தானை இறக்கிவிட்டாலே போதுமா என்று கேட்பீர்கள். போதாது. 2024இல் பெரும் பரபரப்போடு வந்த ‘லாங்லெக்ஸ்’ அதற்கு நல்ல சான்று. ஆஸ்குட் பெர்கின்ஸ் இயக்கிய அந்தப் படத்தின் தொடக்கக் காட்சியைப் போல அண்மையில் என்னை வேறெதுவும் உலுக்கியதில்லை. ஏறக்குறைய சதுரமான சட்டகம், வெண்பனி, ஒரு சிறுமி, அவளிடம் பேசும் ஆள். அவனுடைய நெற்றியும் கண்களும் சட்டகத்துக்கு மேலே வெட்டுப்பட்டு நிற்கின்றன, அவன் குனியும் நொடியில் காட்சி அறுந்துவிடுகிறது. விளம்பரங்களிலும் நிக்கோலஸ் கேஜின் முகத்தை மறைத்தே வைத்தார்கள், அந்த உத்தி படத்துக்குக் கூட்டத்தையும் கொண்டுவந்தது. ஆனால் மூன்றாம் பகுதியில், கதாநாயகியின் அம்மா கன்னியாஸ்திரீ வேடத்தில் சபிக்கப்பட்ட பொம்மைகளை வீடு வீடாகக் கொண்டுசேர்த்த கதையை, பின்னணிக் குரலில் வரிசையாக ஒப்பிக்கிறார்கள். ‘ஹெரிடிட்டரி’யில் நாம் கவனிக்கத் தவறியது நம்மைத் திரும்ப வந்து அடிக்கிறது. இங்கே நமக்குக் காட்டாமல் வைத்திருந்ததைப் பிறகு எடுத்துச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். சாத்தான் இருக்கிறான், அவன் எப்படி வேலை செய்கிறான் என்பதுதான் கடைசிவரை வழவழவென்றே இருக்கிறது. சினிமாஸ்கோரில் அது வாங்கிய சி பிளஸ் சரியான மதிப்பெண் என்றே நினைக்கிறேன்.

அலெக்ஸ் கார்லண்டின் ‘மென்’ பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஒரு கிராமத்தின் ஆண்கள் எல்லோரையும் ரோரி கின்னியர் ஒருவரே நடிக்கிறார் என்பதைப் பார்த்த உடனே படம் சொல்ல வருவது விளங்கிவிடுகிறது. அதற்குப் பின் எவ்வளவு அருவருப்பான உடல்களைக் காட்டினாலும் அது ஏற்கெனவே கேட்ட வாக்கியத்தை உரத்துச் சொல்வதுதான்.

குறியீடே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். ஜோர்டன் பீலின் ‘கெட் அவுட்’ முழுக்க முழுக்க இனவெறியைப் பற்றியது, அதன் திரைக்கதை ஆஸ்கரும் பெற்றது, முதல் நாள் கூட்டமும் ஏ மைனஸ் கொடுத்தது. நாற்காலியில் கட்டிப்போடப்பட்ட கிறிஸ், கைப்பிடியின் தோலைப் பிய்த்து உள்ளிருக்கும் பஞ்சை எடுத்துக் காதில் அடைத்துக்கொள்கிறான், மனவசியம் செய்யும் அந்தத் தேநீர்க் கரண்டியின் ஓசை அவனை எட்டாமல் போகிறது. பார்க்கும்போது நமக்குத் தோன்றுவது தப்பிவிட்டான் என்ற நிம்மதி மட்டுமே. ஒரு கறுப்பின இளைஞன் பஞ்சைப் பிடுங்கி உயிர் பிழைக்கிறான் என்பதும், அவனுடைய முன்னோர் யாருடைய வயல்களில் பஞ்சு பறித்தார்கள் என்பதும் பிறகுதான் உறைக்கிறது.

‘தி சப்ஸ்டன்ஸ்’ படத்தின் கடைசி அரைமணி நேரத்தை வெட்டியிருக்கலாம் என்போர் அநேகம். கோராலி ஃபார்ஜா இயக்கிய இந்தப் படம் கான் விழாவில் திரைக்கதை விருதும், பின்னர் ஒப்பனைக்கு ஆஸ்கரும் பெற்றது. ஒரு மருந்தால் தன் இளைய வடிவத்தை உண்டாக்கிக்கொள்ளும் நடிகையின் கதை இது. ஆளுக்கு ஏழு நாள் என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு, இளையவள் அதை மீறும் ஒவ்வொரு முறையும் மூத்தவளின் உடலில் அதற்கான விலை எழுதப்படுகிறது. முதலில் ஒரே ஒரு விரல் மட்டும் கிழடாகிப் போகிறது. விதி இவ்வளவு கறாராக இருப்பதால், முடிவில் அந்த உருக்குலைந்த உடல் மேடையேறி அரங்கத்தையே இரத்தத்தால் குளிப்பாட்டுவது கணக்கு முடிவதுதான், அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. நீளம் என்ற குற்றச்சாட்டை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த இரத்த வெள்ளத்தைவிட, டெமி மூர் வெளியே கிளம்பத் தயாராகி, கண்ணாடி முன் மீண்டும் மீண்டும் ஒப்பனையைத் திருத்தி, கடைசியில் உதட்டுச் சாயத்தை முகம் முழுக்கத் தேய்த்து அழிக்கும் காட்சிதான் பயங்கரம். அங்கே அரக்கு நிறத் துளிகூடச் சிந்தவில்லை.

இதற்கு நேரெதிர்த் துருவம் ‘ஸ்கின்னமரிங்க்’. வெறும் 15,000 டாலர் செலவில், கைல் எட்வர்ட் பால் தன் பெற்றோரின் வீட்டிலேயே எடுத்த படம் அது. கதவும் ஜன்னலும் காணாமல் போன ஒரு வீட்டில் இரண்டு குழந்தைகள், அவர்களுடைய முகத்தைக்கூட ஒழுங்காகக் காட்டாமல் சுவரின் மூலையையும் கூரையையும் புள்ளி புள்ளியான இருட்டையும் காட்டிக்கொண்டே இருக்கிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதையே ஒரு முழுநீளப் படமாக எடுத்திருக்கிறார் எனலாம். குழந்தைப் பருவத்து இருட்டுப் பயம் யாருக்கு இன்னும் உடம்பில் ஒட்டியிருக்கிறதோ அவர்களுக்கு மட்டுமே இது வேலை செய்யும், மற்றவர்கள் தூங்கிவிடுவார்கள், அவர்கள்மேல் பிழையில்லை. என்னைப் பொறுத்தவரை முதல் அரைமணி நேரம் மயிர்க்கூச்செறிந்தது, மீதியைக் கடமைக்காகப் பார்த்தேன்.

‘டெரிஃபையர் 3’ எந்தக் குறியீட்டையும் சுமக்கவில்லை, என் அளவுகோலின்படி அது தேற வேண்டும். தேறவில்லை. டேமியன் லியோனின் கைவினை ஒப்பனையை மதிக்கிறேன், இரண்டாவது வாரத்தில் இருந்த ‘ஜோக்கர்’ தொடர்ச்சியை அந்தச் சின்னப் படம் வசூலில் முந்தியதையும் ரசித்தேன். ஆனால் ஆர்ட் என்ற அந்தக் கோமாளிக்கு விதியே கிடையாது. எதையும் செய்யக்கூடியவன் அடுத்து என்ன செய்வான் என்று நமக்குப் பதைப்பு வருவதில்லை, எப்படி அறுத்தார்கள் என்ற தொழில்நுட்ப ஆர்வம்தான் வருகிறது.

2025ஆம் ஆண்டில் கூட்டமும் விமர்சகர்களும் அபூர்வமாக ஒரே பக்கம் நின்றார்கள். ரையன் கூக்ளரின் ‘சின்னர்ஸ்’ சினிமாஸ்கோரில் ஏ வாங்கியது. இரத்தக்காட்டேரிகள் தாமதமாக வருகின்றன, வந்த பின் படம் சாதாரணமாகிவிடுகிறது என்ற புகார் அடிக்கடி எழுகிறது. அழைக்காமல் உள்ளே வர முடியாது என்ற பழைய விதியைக் கூக்ளர் எங்கே பயன்படுத்துகிறார் என்று பாருங்கள். வாசலில் நிற்பவை மகளின் பெயரைச் சொல்லி மிரட்டுகின்றன, பொறுக்க மாட்டாத கிரேஸ் ஆத்திரத்தில் உள்ளே வாருங்கள் என்று கத்திவிடுகிறாள். நூறாண்டு பழகிய விதி ஒரு தாயின் கோபத்தால் உடைகிறது. இதைச் சாதாரணம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சாக் கிரெகரின் ‘வெப்பன்ஸ்’ வந்ததும் குறியீடு தேடும் படை கிளம்பியது. ஒரே வகுப்பின் 17 குழந்தைகள் அதிகாலை 2.17க்கு எழுந்து இருட்டுக்குள் ஓடுகிறார்கள், கனவில் வீட்டுக்கு மேல் ஒரு துப்பாக்கி மிதக்கிறது, எனவே இது பள்ளித் துப்பாக்கிச் சூட்டைப் பற்றியது என்றார்கள். அப்படியும் இருக்கலாம். நண்பர் டிரெவர் மூரின் மரணத்துயரில்தான் இதை எழுதத் தொடங்கியதாகக் கிரெகர் பேட்டிகளில் சொன்னார். இருந்தும் படத்தில் துயரம் பாடம் நடத்துவதில்லை. ஏமி மாடிகனின் கிளாடிஸ் அத்தை ஒரு சூனியக்காரி, சாகாமல் இருக்க அவளுக்குப் பிறர் உயிர் வேண்டும், ஒரு முள்குச்சியும் கொஞ்சம் முடியும் இருந்தால் போதும். எங்கிருந்து வந்தாள் என்று யாரும் விளக்குவதில்லை. குழந்தைகள் அவளை விரட்டும் கடைசித் துரத்தலில் அரங்கம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பால் பயத்தின் பிடி கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது என்பது என் ஒரே குறை.

அதனால்தான் அந்த ஆண்டின் முதலிடத்தை நான் ‘பிரிங் ஹெர் பேக்’ படத்துக்கே கொடுப்பேன். பிலிப்பூ சகோதரர்களின் இந்தப் படத்தில் சாலி ஹாக்கின்ஸ் நடிக்கும் லாரா, நீரில் மூழ்கி இறந்த மகளை மீட்கச் சடங்கு செய்கிறாள், அதற்குப் பார்வை மிகக் குறைந்த பைப்பர் என்ற வளர்ப்புச் சிறுமி வேண்டும். இதுவும் துக்கப் படம்தான். ஆனால் சடங்கு மெய், வீட்டைச் சுற்றி இட்ட கோடு மெய், வாய் பேசாத ஆலிவர் என்ற பையனுக்குள் இருப்பதும் மெய். கத்தி முனையில் பழத்துண்டை நீட்டும்போது அவன் பழத்தோடு கத்தியையும் கடிக்கிறான், பல்லில் இரும்பு உரசும் அந்த ஓசையைக் கேட்டு நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். கடைசியில் லாராவின் கையில் மூழ்கிக்கொண்டிருக்கும் பைப்பர் அம்மா என்று அலறுகிறாள், லாராவின் பிடி விட்டுப்போகிறது. சடங்கு உண்மை என்று நாம் நம்பியிருப்பதால்தான் அவள் எதைக் கைவிடுகிறாள் என்பது நமக்குத் தெரிகிறது. குழந்தைகளை இவ்வளவு வதைப்பதைக் காட்டத்தான் வேண்டுமா என்று கேட்டு இந்தப் படத்தை ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கத்திக் காட்சியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதே பையன் மேசையைக் கடித்துத் தின்னும் காட்சி விஷயத்தில் அவர்கள் கேட்பது சரியான கேள்விதான், அந்த நேரத்தில் அவனைப் பற்றி நமக்குப் புதிதாகத் தெரியவேண்டியது ஒன்றும் இல்லை.