தேட வேண்டியது இரண்டாவது தொடக்கத்தை

வேறு கோள்களில் உயிர் இருக்கிறதா என்று என்னைக் கேட்டால், நுண்ணுயிர் இருக்கும், அதுவும் பரவலாகவே இருக்கும் என்று நம்புகிறேன் என்பதே என் பதில். நம்மோடு பேசக்கூடிய, நம்மைப் போலவே வானத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கக்கூடிய உயிர் இருக்கிறதா என்றால், அது மிகமிக அரிது என்றே எண்ணுகிறேன். இவ்விரண்டையும் ஒரே கேள்வியாகக் குழப்பிக்கொள்வதால்தான் நம்மிடையே நடக்கும் உரையாடல்கள் பறக்கும் தட்டில் தொடங்கிப் பறக்கும் தட்டிலேயே முடிந்துவிடுகின்றன. நம் காலத்திலேயே விடை கிடைக்கக்கூடிய கேள்வி முதலாவதுதான். அதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

2025 ஏப்ரலில் கே2-18பி என்ற கோளைப் பற்றிய செய்தி வந்தபோது, பெங்களூரில் எங்கள் குடியிருப்புத் தமிழர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் "வேற்றுக்கோளில் உயிர் கண்டுபிடிப்பு" என்ற தலைப்போடு அது திரும்பத் திரும்பப் பகிரப்பட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு என்பதால் நம்மவர் என்ற பெருமிதமும் சேர்ந்துகொண்டது. பெருமிதம் நியாயமானதே. ஆனால் அந்தக் குழு சொன்னது வேறு. 124 ஒளியாண்டுத் தொலைவில், சிம்ம விண்மீன் கூட்டத்தில் உள்ள ஒரு சிவப்புக் குள்ள விண்மீனைச் சுற்றிவரும் அக்கோளின் வளிமண்டலத்தைக் கடந்துவந்த ஒளியில், டைமெத்தில் சல்பைடு அல்லது அதன் உறவுச் சேர்மமான டைமெத்தில் டைசல்பைடின் சாயல் தெரிகிறது, அது தற்செயலாகத் தோன்றியிருக்க 0.3 விழுக்காடு வாய்ப்பு உண்டு, உறுதிசெய்ய மேலும் பார்க்க வேண்டும் என்பதே அவர்கள் சொன்னது. பூமியில் டைமெத்தில் சல்பைடைப் பெருமளவில் உண்டாக்குபவை கடலில் மிதக்கும் நுண்பாசிகள். ஆனால் உயிர் எதுவும் இல்லாத 67பி என்ற வால்மீனிலும் அதே சேர்மம் இருந்ததற்கான தடயம் 2024இல் வெளியாகியிருந்தது. அந்தக் குழு பயன்படுத்திய ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் தரவுகளையே பிற குழுக்கள் வேறு கணக்குமுறைகளில் ஆராய்ந்தபோது அந்தச் சாயல் உறுதியாக நிற்கவில்லை.

தொலைதூரக் கோள்களை ஆராயும் முயற்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1995இல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் சூரியனைப் போன்ற விண்மீன் ஒன்றைச் சுற்றும் முதல் கோளைக் கண்டறிந்தார்கள். முப்பதே ஆண்டுகளில் பிற விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்களில் உறுதிசெய்யப்பட்டவற்றின் எண்ணிக்கை 6000ஐத் தாண்டிவிட்டது. ஆனால் அங்கிருந்து நமக்கு வருவது ஒளி மட்டுமே. ஒரு வளிமண்டலத்தின் ஒளியை மட்டும் வைத்து உயிர் உண்டா என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதை அறிய, விடை தெரிந்த ஒரே கோளான பூமியை வைத்தே அந்த முறையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1990 டிசம்பரில் வியாழனை நோக்கிப் போகும் வழியில் பூமியைக் கடந்த கலிலியோ விண்கலத்தின் தரவுகளில், உயிர் இருப்பதைக் காட்டும் குறிகள் எவையெவை என்று வானியலாளர் கார்ல் சேகன் குழுவினர் ஆராய்ந்தார்கள். ஆக்சிஜனும் மீத்தேனும் ஒன்றாக இருப்பது அவற்றில் முக்கியமானது. ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இவ்விரு வாயுக்களும் ஒரே காற்றில் நிலைத்திருக்க வேண்டுமானால், ஏதோ ஒன்று அவற்றை இடைவிடாமல் உற்பத்தி செய்துகொண்டே இருக்க வேண்டும்.

இதே வழியில் நம் ஊரிலிருந்தும் ஒரு கருவி போயிருக்கிறது என்பது எங்கள் பகுதித் தமிழர்களில் பலருக்குத் தெரியவில்லை. பழைய விமான நிலையச் சாலையில், அன்றாடம் பேருந்தில் கடந்துபோகிறோமே அந்த யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையத்தில் உருவான 'ஷேப்' என்ற கருவியே அது. சந்திரயான்-3இன் லேண்டர் 2023 ஆகஸ்ட் 23இல் நிலாவில் இறங்கிய செய்தியின் ஆரவாரத்தில், அதைச் சுமந்துசென்ற உந்துகலத்தில் இருந்த இச்சிறு கருவி மறைந்துபோனது. பூமியை ஒரு புறக்கோளாகப் பாவித்து, அதன் அகச்சிவப்பு நிறமாலை எப்படித் தெரிகிறது என்று பதிவுசெய்வதே அதன் வேலை. தரையிறங்கிய நொடியைக் கொண்டாடிய அளவில் நூற்றில் ஒரு பங்காவது இதைப் பற்றி நம் பிள்ளைகளிடம் பேசியிருக்கலாம்.

இனி என் நம்பிக்கைக்கான காரணங்களுக்கு வருகிறேன். பூமி உருவாகி ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதிப் பாறைகளில் ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நுண்ணுயிர்ப் படிவுகள் காணப்படுகின்றன. அதற்கும் முன்பே உயிர் இருந்ததற்கான தடயங்கள் என்று சிலவற்றை முன்வைக்கிறார்கள், அவை இன்னும் விவாதத்தில் உள்ளன. எப்படியும், கொதிப்பு அடங்கி நீர் தேங்கத் தொடங்கிய பிறகு, கோளின் வாழ்நாளோடு ஒப்பிட்டால் விரைவாகவே உயிர் தோன்றிவிட்டது. அதற்கு வேண்டிய மூலப்பொருள்களும் அரிதானவை அல்ல. பென்னு என்ற குறுங்கோளிலிருந்து 2023 செப்டம்பரில் பூமிக்குக் கொண்டுவரப்பட்ட மண்ணில், நம் உடலின் புரதங்களில் பயன்படும் 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகியவற்றின் எழுத்துகளாக விளங்கும் ஐந்து நியூக்ளியோபேஸ்களும் இருந்தன. உயிரே இல்லாத ஒரு கல்லில், சூரியக் குடும்பத்தின் பிள்ளைப் பருவத்திலேயே இவையெல்லாம் சமைந்துவிட்டன என்பதை முதன்முதலில் படித்தபோது என் மகளை அழைத்து உரக்கப் படித்துக்காட்டினேன்.

ஆயினும் இந்த வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு, அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். எல்லா அரிசியும் ஒரே உலையில் வெந்தது என்று தெரிந்திருப்பதால்தான் அந்த ஒரு பருக்கையை நம்புகிறோம். உயிர் விஷயத்தில் நம் கையில் இருப்பது ஒரே பருக்கை. மற்றவை அடுப்பில் ஏற்றப்பட்டனவா என்பதே தெரியாது. மேலும், உயிர் தோன்றி, சிந்திக்கும் நிலைக்கு வளர நெடுங்காலம் பிடிக்குமானால், அது சீக்கிரமே தொடங்கிய கோளில் மட்டுமே இக்கேள்வியைக் கேட்க ஆள் இருப்பார்கள். ஆகவே பூமியில் விரைவாகத் தொடங்கியது என்பதை மட்டும் வைத்து, எங்கும் எளிதாகத் தொடங்கும் என்று சொல்லிவிட முடியாது. இந்த மறுப்பு வலுவானது. வாதத்தால் இதை வெல்ல முடியாது, இன்னொரு சான்றால்தான் வெல்ல முடியும்.

பேசும் உயிர் அரிது என்று நான் நினைப்பதற்கும் பூமியின் வரலாறே காரணம். நுண்ணுயிர் தோன்றிய பிறகு, உட்கரு கொண்ட சிக்கலான செல் உருவாக நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. ஒரு நுண்ணுயிர் இன்னொன்றைத் தன்னுள் ஏற்று, அது செரிமானமாகிவிடாமல், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பாக நிலைபெற்ற அந்த நிகழ்ச்சி, எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்ந்த இக்கோளில் வெற்றிகரமாக ஒரே ஒருமுறை நடந்ததாகத் தெரிகிறது. நீங்களும் நானும் வேப்பமரமும் காளானும் அந்த ஒரு நிகழ்ச்சியின் வழித்தோன்றல்கள். விலங்குகள் வந்தது ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான். வானொலி அலைகளை அனுப்பத் தெரிந்தது நூற்று சொச்சம் ஆண்டுகளாகத்தான். 1960இல் பிராங்க் டிரேக் தொடங்கிவைத்த வானொலித் தேடலில் இதுவரை எதுவும் கிடைக்கவில்லை. தேடிய பரப்பு மிகச் சிறியது என்பதால் அதை எதிர்ச்சான்றாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆக, நமக்கு வேண்டியது இரண்டாவது தொடக்கம் ஒன்று. பூமியின் உயிரோடு எந்த உறவும் இல்லாமல், தனியே தொடங்கிய ஒரு நுண்ணுயிர் போதும். ஒரே விண்மீனின் குடும்பத்தில் இருமுறை உயிர் தொடங்கியிருந்தால், கோடானுகோடி விண்மீன்கள் உள்ள இப்பேரண்டத்தில் அது சாதாரணமாக நடப்பதே என்று அன்றைக்கே சொல்லிவிடலாம்.

இந்த இடத்தில் செவ்வாய்க்கு ஒரு சிக்கல் இருக்கிறது. 1865 ஆகஸ்டில் பீகாரின் ஷேர்காட்டியில் ஒரு விண்கல் விழுந்தது. அது செவ்வாயிலிருந்து பெயர்ந்துவந்த பாறை என்பது ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு தெரியவந்தது, அவ்வகைக் கற்களுக்கு இன்று அவ்வூரின் பெயரையே இட்டு வழங்குகிறார்கள். கல் அங்கிருந்து இங்கு வந்திருக்கிறது என்றால், அதனுள் ஒட்டிக்கொண்டு நுண்ணுயிரும் வந்திருக்கலாம், இங்கிருந்து அங்கும் போயிருக்கலாம். செவ்வாயில் உயிர் கிடைத்தாலும் அது நம் உறவா, அந்நியமா என்ற வழக்கு எழும். அதோடு, அங்கே நாம் பலமுறை அவசரப்பட்டிருக்கிறோம். 1976இல் வைக்கிங் கலங்களின் ஒரு சோதனை உயிர் இருப்பதுபோல் விடைகாட்டியது, ஆனால் மண்ணில் உயிருக்கு அடிப்படையான கார்பன் கொண்ட கரிமச் சேர்மங்களே தென்படவில்லை. 2008இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில், சூடாக்கும்போது கரிமச் சேர்மங்களை அழித்துவிடும் பெர்குளோரேட் உப்பைக் கண்ட பிறகுதான், அச்சோதனைகள் ஏன் முரண்பட்டன என்பதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. அண்டார்டிகாவில் எடுத்த செவ்வாய்க் கல்லில் புதைபடிவம் என்ற அறிவிப்பு 1996இல் வந்து, அமெரிக்க அதிபரே பேசினார். இன்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. 2024இல் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி, ஒரு காலத்தில் ஆறு ஓடிய பள்ளத்தாக்கில் கண்ட சேயாவா ஃபால்ஸ் பாறையில் சிறுத்தைப் புள்ளிகள் போன்ற திட்டுகள் உள்ளன. அத்திட்டுகளில் உள்ளவை போன்ற கனிமங்கள் பூமியில் பலவேளைகளில் நுண்ணுயிர் வினையால் உண்டாகின்றன. இதுவரை கிடைத்த செவ்வாய்த் தடயங்களில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுவே. அதன் துண்டு ஊர்தியின் குழாய் ஒன்றில் அடைபட்டிருக்கிறது, பூமிக்கு எடுத்துவரும் திட்டமோ செலவு மிகுந்து நிச்சயமற்றுக் கிடக்கிறது.

ஆகையால் நான் பெரிதும் எதிர்பார்ப்பது சனியின் துணைக்கோளான என்செலடஸை. அதன் குறுக்களவு ஏறத்தாழ 500 கிலோமீட்டர்தான், சென்னைக்கும் மதுரைக்கும் உள்ள சாலைத் தூரத்தைவிடச் சற்றே அதிகம். பனி ஓட்டின் அடியில் உப்புக்கடல் இருக்கிறது. அக்கடல் நீர் தென்முனைப் பிளவுகளின் வழியே விண்வெளியில் பீறிடுவதை 2005இல் காசினி விண்கலம் கண்டது. அந்தப் பீச்சலின் ஊடாகவே காசினி பறந்தது. நீரோடு உப்பும் கரிமச் சேர்மங்களும் இருந்தன. கடலடியில் வெந்நீர் ஊற்றுகள் இருப்பதைச் சுட்டும் சிலிக்காத் துகள்களும், 2017இல் அறிவிக்கப்பட்டபடி, நுண்ணுயிருக்கு உணவாகக்கூடிய ஹைட்ரஜனும் தெரியவந்தன. 2023இல் பாஸ்பேட்டும் உறுதியானது. துளையிட வேண்டியதில்லை, தரையிறங்கக்கூட வேண்டியதில்லை, கடல் தானே மேலே வந்து மாதிரி தருகிறது. அவ்வளவு தொலைவுக்குப் பூமியின் கற்கள் போய்ச் சேர்ந்திருக்கும் வாய்ப்பும் மிகக் குறைவு. காசினியின் கருவிகள் 1990களில் செய்யப்பட்டவை, உயிரைத் தேடுவதற்கென்று வடிவமைக்கப்பட்டவையல்ல. இனிப் போகும் கலம் அமினோ அமிலங்களின் கைப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இம்மூலக்கூறுகள் இடக்கை, வலக்கை என இரு வடிவங்களில் அமைகின்றன. பென்னுவின் மண்ணில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தன, பூமியின் உயிர்களோ தம் புரதங்களில் இடக்கை வடிவத்தையே பயன்படுத்துகின்றன. என்செலடஸின் நீரில் ஒரு பக்கம் மட்டும் ஓங்கியிருந்தால் அது வலுவான தடயம். அதுவும் வலக்கையாக இருந்தால், அது நம் உறவல்ல என்பது அங்கேயே தெளிவாகிவிடும்.

இதைப் பேசும்போதெல்லாம் எங்கள் குடியிருப்பில் ஓர் அக்கா கேட்கும் கேள்வி உண்டு. "2024 கோடையில போர்வெல் வத்தி, ஒரு லாரி தண்ணிக்கு நாம பட்ட பாடு மறந்துபோச்சா தம்பி? இங்க ஏரியைக் காப்பாத்த வக்கில்லாம சனிக்கிரகத்துல தண்ணி தேடணுமா?" இது உதாசீனப்படுத்தத்தக்க கேள்வியல்ல. பெல்லந்தூர் ஏரி நுரைபொங்கித் தீப்பிடித்ததைக் கண்ட ஊர் இது. ஆனால் ஏரியைக் கெடுத்தது விண்வெளிக்குச் செலவிட்ட பணமல்ல, சுத்திகரிக்காமல் விட்ட கழிவுநீர். அந்த நீரில் நாம் கொட்டும் பாஸ்பேட்தான் ஆகாயத்தாமரையை மண்டச் செய்கிறது. நம் ஏரியில் மிகுந்துபோய்த் தொல்லை தரும் அதே பொருள் என்செலடஸின் கடலில் கிடைத்தபோது ஆய்வாளர்கள் மகிழ்ந்ததற்குக் காரணம், பாஸ்பரஸ் இல்லாமல் நாமறிந்த உயிர் எதுவும் இல்லை என்பதே. இரண்டையும் ஒரே வேதியியல்தான் ஆள்கிறது. ஒன்றைக் கற்பவருக்கு மற்றொன்று விளங்காமல் போகாது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் முழுமையாக ஏற்கவில்லை, ஏற்க வேண்டும் என்று நான் வற்புறுத்தவும் இல்லை.

நம் நாட்டின் பங்கு என்ன என்பதில் எனக்குத் தெளிவான எதிர்பார்ப்பு இருக்கிறது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 1236 கோடி ரூபாயில் வெள்ளிக் கோளுக்கான சுற்றுக்கலத்துக்கு ஒப்புதல் அளித்தது, 2028 மார்ச்சில் அது ஏவப்பட வேண்டும். வெள்ளியின் மேகங்களில், உயிரின் தடயமாக இருக்கக்கூடும் என்று கருதப்படும் பாஸ்பீன் வாயு இருப்பதாக 2020இல் எழுந்த சர்ச்சை இன்னும் தீரவில்லை. கந்தக அமில மேகத்தில் உயிர் இருக்கும் என்று நான் நம்பவில்லை, ஆனால் அந்த வளிமண்டலத்தின் வேதியியலை அறியாமல் தொலைதூரக் கோள்களின் வளிமண்டலத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. இதற்கு அடுத்த படியாக, 2040களில் என்செலடஸை நோக்கி ஏவ ஐரோப்பிய விண்வெளி முகமை திட்டமிட்டுவரும் கலத்தில் இந்தியக் கருவி ஒன்று இடம்பெற வேண்டும். அதைச் செய்யப்போகும் தலைமுறை இப்போது பள்ளியில் இருக்கிறது.

வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவை நோக்கி 2024 அக்டோபரில் புறப்பட்ட நாசாவின் கிளிப்பர் கலம் 2030இல் வியாழனை அடையும். ஐரோப்பாவின் ஜூஸ் கலம் 2031இல் போய்ச் சேரும். இவை நேரடியாக உயிரைத் தேடும் கலங்கள் அல்ல, உயிர் வாழத்தக்க இடமா என்று பார்ப்பவை. அதன்பின் என்செலடஸிலும் யூரோப்பாவிலும் நீர், வெப்பம், உணவு, பாஸ்பரஸ், பல கோடி ஆண்டுகள் அவகாசம் என எல்லாம் இருந்தும், போதிய கருவிகளோடு தேடியும் நுண்ணுயிரின் சுவடே இல்லை என்று தெரியவந்தால், நுண்ணுயிர் பரவலாக இருக்கும் என்ற என் நம்பிக்கையைக் கைவிடுவேன். உயிரின் தொடக்கமே அரிய நிகழ்ச்சி என்பவர்கள் சொன்னது சரி என்று அன்றைக்கு இங்கேயே எழுதுவேன்.