ஆசிரியர் சங்கம் கேட்கும் காசு யாருடைய காசு?

இலங்கை அரசாங்கத்தின் கல்வி மறுசீரமைப்பு பற்றி ஆசிரியர் சங்கங்கள் ஏதாவது அறிக்கை விட்டால் போதும், அதன் கீழே வந்து விழும் கருத்துகள் எப்போதும் ஒரே மாதிரித்தான். "ஒன்றரை மணிக்கு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு என்ன குறை?" "வேலை கூடிவிடும் என்று பயப்படுகிறார்கள்." "எல்லாம் சம்பளத்துக்காக." எங்கள் தமிழ் ஆட்களும் இதையேதான் எழுதுகிறார்கள். எனக்கு இது மனதைக் குடைகிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். நான் ஆசிரியை இல்லை. கொழும்பு, கொட்டாஞ்சேனையில் தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளைகளின் தாய். அக்கா மட்டும் ஆசிரியை.

பாடசாலை நேரத்தைப் பிற்பகல் 2 மணி வரை நீட்டும் திட்டம் வந்தபோது சங்கங்கள் எதிர்த்தன. அந்த அரை மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் சண்டை போட்டோம். அதோடு சேர்த்து அவர்கள் கேட்ட மற்றக் கேள்விகளை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. எங்களோடு பேசினீர்களா? பயிற்சி எங்கே? ஆளணி எங்கே? இவற்றுக்குக் காசு எங்கே? பெற்றோராகிய நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை.

கல்விக்கான வெட்டு ஒருபோதும் வெட்டு என்ற பெயரோடு வருவதில்லை. பாதீட்டில் வாசிக்கும் தொகை போன வருடத்தைவிடக் கூடத்தான் இருக்கும். ஆனால் 2022 இல் பணவீக்கம் 70 வீதம் வரை போன நாடு இது. 200 ரூபாயாக இருந்த டொலர் 360 வரை ஏறியது, பிறகும் பழைய விலைக்கு இறங்கவில்லை. தாளும் டோனரும் அந்த விலையில்தான் வருகின்றன. 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தாள் இல்லாமல் தள்ளிப்போனது, மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகு பிள்ளைகளின் சீருடைத் துணிக்கு சீனாவின் நன்கொடையை எதிர்பார்த்து நின்றோம். சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த ஒப்பந்தப்படி வட்டி கட்டுவதற்கு முந்திய கணக்கில் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 2.3 வீதத்தை மிச்சம் பிடிக்க வேண்டும். அந்த மிச்சம் எங்கேயோ ஓரிடத்தில் குறைத்துத்தானே வரும்? ஓய்வு பெற்றுப் போன கணித ஆசிரியரின் இடத்தை நிரப்பாமல் விட்டாலே அது வெட்டுத்தான். எந்த அமைச்சரும் அதைப் பாராளுமன்றத்தில் அறிவிக்கத் தேவையில்லை.

அந்த வெற்றிடத்தை யார் நிரப்புகிறார்கள் என்று பாருங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கம். அதாவது நாங்கள். போட்டோ கொப்பிக்கு, மின்விசிறிக்கு, ஸ்மார்ட் போர்டுக்கு, மலசலகூடம் கழுவுகிறவருக்கு, தவணைப் பரீட்சைத் தாளுக்கு என்று ஒவ்வொரு வகுப்பு வட்ஸ்அப் குழுவிலும் மாதாமாதம் காசு சேர்க்கிறோம். சில பாடசாலைகளில் ஆசிரியர் இல்லாத பாடத்துக்கு ஓர் இளைஞரையோ யுவதியையோ பிடித்து, கையில் சிறு தொகை கொடுத்துப் படிப்பிக்க வைப்பதும் பெற்றோரின் காசில்தான். காசுள்ள வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இது நடந்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் கட்டடமே கட்டித் தருவார்கள். முகத்துவாரத்தில், கிராண்ட்பாஸில், மாளிகாவத்தையில் நாள் சம்பளத்துக்கு மூட்டை தூக்குகிற தகப்பன் எதைத் தருவார்? அவருடைய பிள்ளைக்கு அந்தப் பாடம் இல்லை, அவ்வளவுதான். 1945 இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி, சட்டத்தில் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. ஒரே நகரத்துக்குள் ஒவ்வொரு வட்டாரத்திலும் அதற்கு வேறு வேறு விலை.

மலையகத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியர் இல்லை என்று, ஆசிரியர் உதவியாளர் என்ற பெயரில் இளம் பிள்ளைகளை எடுத்து மாதம் 6,000 ரூபாய் கொடுத்தார்கள். பிறகு 10,000. முழு வகுப்பையும் அவர்கள்தான் சுமந்தார்கள். ஒரு ஆசிரியரின் வேலையை உதவியாளரின் காசுக்கு வாங்குவதைச் சிக்கனம் என்று எந்த மனச்சாட்சியோடு சொல்வது?

சம்பளத்துக்கு வருவோம். ஆம், சங்கங்கள் சம்பளம் கேட்கின்றன. கேட்கட்டும். ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாடு, அதாவது மற்ற அரச சேவைகளோடு ஒப்பிடும்போது விழுந்த சம்பள இடைவெளி, 1997 இல் தொடங்கியது. 2021 இல் இணையவழிக் கற்பித்தலை விட்டு விலகி மாதக்கணக்கில் போராடிய பிறகுதான், 2022 ஜனவரியில் அந்த முரண்பாட்டின் மூன்றில் ஒரு பங்கு கையில் கிடைத்தது. மிச்ச இரண்டு பங்குக்காக 2024 ஜூனில் கொழும்பு வீதியில் இறங்கியவர்களுக்குக் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்த் தாரையும். பக்கத்தில் இருந்து பார்த்தவள் சொல்கிறேன்: அக்கா தன் சம்பளத்தில் சார்ட் பேப்பர் வாங்குவாள், மார்க்கர் வாங்குவாள், கொப்பி இல்லாத பிள்ளைக்குக் கொப்பி வாங்குவாள். அவளோடு படிப்பிக்கிறவர்களில் பலர் மாலையில் ரியூசன் எடுக்காவிட்டால் வாடகை கட்ட முடியாது. காலையில் களைத்துப் போய் வகுப்புக்கு வரும் ஆசிரியரும் என் பிள்ளையின் பிரச்சினைதான்.

மறுசீரமைப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மனப்பாடம் செய்து கக்கும் படிப்பு மாற வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்காகக் குழந்தைகளை இரவு பத்து மணி வரை பேப்பர் கிளாஸில் உட்கார வைக்கிற கொடுமை ஒழிய வேண்டும். மொடியூல் முறை (பாடத்தைச் சிறு அலகுகளாகப் பிரித்துப் படிப்பது), செய்து பார்த்துப் படிப்பது எல்லாம் நல்ல யோசனைகள். ஆனால் செய்து பார்க்கப் பொருள் வேண்டும், 40 பிள்ளைகள் இருக்கிற வகுப்பை இரண்டாகப் பிரிக்க அறை வேண்டும். அவசரம் என்ன செய்யும் என்பதைத் தரம் 6 ஆங்கில மொடியூலில் எல்லாரும் பார்த்தோம். பிள்ளைகள் போகக்கூடாத இணையத்தள முகவரி ஒன்று அதில் அச்சாகியிருந்தது. கடைசியில் தரம் 6 மறுசீரமைப்பு 2027க்குத் தள்ளிப்போனது. அந்தத் தவறைப் பிடித்துக்கொண்டு, கல்விக்கும் பொறுப்பான பிரதமரைப் பெண் என்பதற்காகக் கீழ்த்தரமாகத் தாக்கியவர்களோடு எனக்கு ஒரு உடன்பாடும் இல்லை. ஆனால் சரிபார்க்க ஆளும் நேரமும் கொடுக்காமல் புத்தகம் அச்சடித்தால் இப்படித்தான் நடக்கும். தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்கு இது இரட்டைச் சுமை. புத்தகம் சிங்களத்தில் எழுதி முடிந்து, மொழிபெயர்த்து, பிழை திருத்தி வரும்போது எங்கள் பிள்ளைகள் பின்னால்தான் நிற்கிறார்கள். 2027க்கு முன் கிடைத்திருக்கும் இந்த அவகாசத்திலாவது தமிழ்ப் பிரதியை ஆரம்பத்திலிருந்தே தமிழில் எழுதுங்கள், தமிழ் ஆசிரியர்களுக்குத் தமிழில் பயிற்சி கொடுங்கள்.

சங்கங்களிடமும் ஒரு முறைப்பாடு இருக்கிறது. 2021 இல் இணையவழி வகுப்பு நின்ற மாதங்களில் காசு உள்ள வீட்டுப் பிள்ளை சூமில் ரியூசன் படித்தது. மற்றப் பிள்ளை சும்மா இருந்தது. கோரிக்கை நியாயமானது, ஆனால் அதன் விலையை அந்தப் பிள்ளைதான் கட்டியது. போராடும் முறையைத் தீர்மானிக்கும் மேசையில் அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கும் ஒரு கதிரை கொடுங்கள். எங்களையும் சேர்த்துக்கொண்டால் வகுப்பை நிறுத்தாமலே கல்வி அமைச்சு இருக்கும் இசுருபாயவின் வாசலை நிறைக்கலாம்.

இன்னொன்று. பல்கலைக்கழக ஆசிரியர்கள் 2012 இல் மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து, கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் என்ற கோரிக்கையைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று பிரதமராகவும் கல்வி அமைச்சராகவும் இருக்கும் ஹரிணி அமரசூரிய அந்தப் போராட்டத்தின் பக்கம் நின்றவர். அவருடைய கட்சி அதே 6 வீதத்தை வாக்குறுதியாகவும் தந்தது. நாடோ பல வருடங்களாக 2 வீதத்தைச் சுற்றியே நிற்கிறது. ஒரே வருடத்தில் 6க்குப் போக முடியாது என்பது எனக்கும் விளங்குகிறது. எந்த வருடம் எவ்வளவு என்று ஓர் அட்டவணையைப் போடுவதற்குக்கூடவா காசு வேண்டும்?

இதை வாசிக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எழும்பிக் கேளுங்கள்: அரசாங்கத்திடமிருந்து தர உள்ளீட்டு நிதியாக (கற்பித்தலுக்கான பொருட்கள் வாங்கத் தரும் காசு) இந்த வருடம் எவ்வளவு வந்தது, எந்த மாதம் வந்தது, எத்தனை ஆசிரியர் வெற்றிடம், அதில் பெற்றோர் காசில் ஓடுவது எத்தனை? அதிபரைக் குற்றம் சொல்வதற்காகக் கேட்க வேண்டாம், அவரும் இதே வலியில்தான் இருக்கிறார். பதில்களைச் சேர்த்து வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் அனுப்புவோம், ஆசிரியர் சங்கங்களுக்கும் பிரதி கொடுப்போம். கேள்விகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் இன்பொக்ஸில் கேளுங்கள், இன்றே அனுப்புகிறேன்.