அறிவிப்பாளராக விரும்பும் வன்னிப் பிள்ளைகளுக்காக

வானொலி அறிவிப்பாளராக வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால், அதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொண்டு, "முதலில் உயர்தரத்தைப் பார்" என்று முடித்துவிடும் வழக்கம் எங்கள் பகுதியில் இன்னும் மாறவில்லை. வன்னியில் தமிழாசிரியையாகப் பணியாற்றும் என்னிடம் இந்த விருப்பத்தைச் சொல்லும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வருகிறார்கள். மருத்துவராகவோ பொறியியலாளராகவோ வர விரும்பும் பிள்ளைகள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று அதைச் சொல்கிறார்கள். அறிவிப்பாளராக விரும்பும் பிள்ளையோ, மற்றவர்கள் வெளியேறும்வரை காத்திருந்து, மேசையருகே வந்து தயங்கித் தயங்கிச் சொல்கிறது. இந்தத் தயக்கத்துக்கு அவர்கள் காரணமல்லர், நாங்களே காரணம். அவர்களுடைய கனவு வன்னிக்கு அவசரமாகத் தேவைப்படும் கனவு என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் மண்ணில் வானொலி ஒருபோதும் வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. 1990 இன் பின்னர் போரினால் மின்சாரம் இல்லாமற்போய், பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் சேர்ந்தபோது, சைக்கிளை நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் எங்கள் நடுவில் வாழ்கிறது. இரவு 9.15 க்குப் பிபிசி தமிழோசை தொடங்கும்போது அயல்வீட்டாரும் வந்து முற்றத்தில் அமர்வார்கள். பாதை மூடியிருந்த காலத்தில், கொழும்பிலோ மட்டக்களப்பிலோ நிகழ்ந்த நெருங்கிய உறவினரின் சாவை இலங்கை வானொலியின் மரண அறிவித்தல் வழியாகவே அறிந்துகொண்ட குடும்பங்கள் இங்கே பல உண்டு. அந்த அறிவித்தலை வாசித்தவரின் முகம் அவர்களுக்குத் தெரியாது. ஆயினும், தங்கள் வீட்டுத் துயரத்தை அவர் எவ்வளவு மரியாதையோடு வாசித்தார் என்பதை அவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒரு தொழிலின் மதிப்பை அளக்க இதைவிட வேறு என்ன வேண்டும்?

இலங்கைத் தமிழ் ஒலிபரப்பின் பெருமையைப் பற்றிப் பேசுகிற எவரும் எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகிய பெயர்களைத் தவறாமல் சொல்வார்கள். பாக்கு நீரிணைக்கு அப்பாலும் மக்கள் காத்திருந்து கேட்ட குரல்கள் அவை. ஆனால் அவர்கள் எப்படி உருவானார்கள் என்பதை நாங்கள் போதிய அளவு பேசுவதில்லை. ராஜேஸ்வரி சண்முகம் வானொலி நாடக நடிகையாகத் தேர்ச்சி பெற்றபின் அறிவிப்பாளரானவர். அப்துல் ஹமீத் சிறுவர் நிகழ்ச்சியில் பங்குகொண்ட சிறுவனாகக் கலையகத்துக்குள் நுழைந்தவர். ஒலிவாங்கியின் முன் தனியே பேச அமர்வதற்கு முன்னர், பிறர் எழுதிய வசனங்களை உணர்ந்து பேசிப் பேசி வளர்ந்த குரல்கள் அவை. நல்ல குரல் பிறப்பிலேயே வாய்த்துவிடுகிறது, வாய்க்காதவர் முயன்று பயனில்லை என்ற எண்ணத்துடன் ஒதுங்கிப்போகும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பெற்றோரின் தயக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதற்கு வருமானம் பற்றிய கவலை ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. பல ஆண்டுகள் வன்னியிலிருந்து இயங்கிய புலிகளின் குரல் வானொலி 2007 நவம்பர் 27 அன்று கிளிநொச்சியில் வான்தாக்குதலுக்கு உள்ளானது. அங்கே பணியாற்றியவர்களும் கொல்லப்பட்டார்கள். அத்தாக்குதலை யுனெஸ்கோ கண்டித்தது. அந்த வானொலியின் அரசியல் பற்றி அவரவர்க்கு அவரவர் கருத்து இருக்கலாம், அது இந்தப் பதிவுக்குரிய விடயமன்று. ஆனால் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தவர்கள் உயிரிழந்ததைக் கண்ட ஊரில், ஒரு தாய் தன் பிள்ளை அந்த இடத்தில் அமர்வதை எண்ணி அஞ்சுவது இயல்பு. "ரீச்சர், தகப்பன் இல்லாத பிள்ளை. மைக்கிலை கதைக்கப்போய் ஏதும் வில்லங்கம் வந்தால் நான் ஆரிட்டைப் போறது?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். "அக்கா, அவளைப் பாட்டுப் போடவும் செய்தி வாசிக்கவும்தானே பழக்கிறம்" என்று ஆறுதல் சொன்னாலும், அவருடைய கேள்வியின் பாரம் எனக்குப் புரிந்தது. இத்தகைய பெற்றோரைப் பழமைவாதிகள் என்று சொல்லி ஒதுக்குவது அநியாயம். பிள்ளை என்ன கற்கிறது, எங்கே போகிறது, யாருடன் பணியாற்றுகிறது என்பதை அவர்களுக்கு விளக்கிச் சொல்லி, கூட அழைத்துச்செல்ல வேண்டும்.

இனி, கற்க வேண்டியவை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்த இடத்தில்தான் ஆர்வமுள்ள பிள்ளைகள் வழிதெரியாமல் நின்றுவிடுகிறார்கள். ஈழத்துப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது. வாழைப்பழம் என்பதை நாங்கள் எப்படிச் சொல்கிறோம் என்று கைபேசியில் ஒருமுறை பதிவுசெய்து கேட்டாலே அது விளங்கிவிடும். இது குறையன்று, எங்கள் பேச்சின் இயல்பு; ஆனால் செய்தி வாசிக்கும்போது ழகரத்தை ஒலிக்க நாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதேவேளை, றகரத்தையும் ரகரத்தையும் பிரித்து ஒலிப்பதில் எங்கள் பிள்ளைகளுக்குப் பேச்சுவழக்கே துணைநிற்கிறது. தமிழகத்தின் பல பகுதிகளில் பேச்சில் மங்கிப்போன அந்த வேறுபாடு எங்கள் சிறுவர்களின் வாயில் முயற்சியின்றி வருகிறது. அதை இழந்துவிடக் கூடாது.

ஓர் உறுதியான பயிற்சியாக நான் பரிந்துரைப்பது மரண அறிவித்தலை வாசிப்பதுதான். கேட்பதற்கு விசித்திரமாகத் தோன்றலாம். பிறந்த ஊரையும் வாழ்ந்த ஊரையும் சொல்லி, காலஞ்சென்ற பெற்றோரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னார் இன்னாரின் தாயாரும், இன்னாரின் மாமியாரும், பேரப்பிள்ளைகளின் பேர்த்தியாரும் என்று நீண்டுசெல்லும் அந்த ஒற்றை வாக்கியத்தில், எங்கே மூச்சை எடுப்பது, எந்தப் பெயர் யாருடன் சேர்ந்தது என்பதைக் கேட்பவருக்கு எப்படி உணர்த்துவது, சோகத்தை நடிக்காமலும் விளம்பரத்தைப்போல ஓடிவிடாமலும் குரலை எங்கே நிறுத்துவது என்ற மூன்று பாடங்களும் அடங்கியிருக்கின்றன. மூச்செடுக்கும் இடங்களைப் பென்சிலால் சிறு கோடிட்டுக் குறித்துக்கொண்டு, வாசித்து, பதிவுசெய்து, மறுநாள் கேட்டுப் பார்க்க வேண்டும். அன்றே கேட்டால் குறைகள் தெரியாது. ஓர் இரவு கடந்தபின் அவை தாமாகவே காதில் விழும்.

பாடல் நிகழ்ச்சி செய்வது இதைவிட எளிது என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் அப்படியன்று. பாடலின் முன்னிசை எவ்வளவு நேரம் செல்கிறது என்பதை அறிந்து, பாடகரின் குரல் தொடங்குமுன் தன் பேச்சை முடிப்பதற்குச் செவி பழக வேண்டும். பகரத்தை அழுத்திச் சொன்னால் காற்று நேராக ஒலிவாங்கியில் மோதி வெடிப்பாகக் கேட்கும் என்பதால், வாயைச் சற்றுச் சாய்த்துப் பேசப் பழக வேண்டும். ஆயிரக்கணக்கானோர் கேட்டாலும், அடுப்படியில் தனியே நிற்கும் ஒருவருடன் பேசுவதாகவே எண்ணிப் பேச வேண்டும். ஒலிப்பதிவைத் திருத்த ஓடாசிற்றி போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பழைய கணினி ஒன்றே அதற்குப் போதும். இவற்றில் எதையும் வீட்டில் இருந்தபடியே தொடங்கலாம். மேடைப் பயிற்சிக்கும் வன்னியில் குறைவில்லை: இல்ல மெய்வல்லுநர் போட்டிகள், தமிழ்மொழித் தினப் போட்டிகள், ஊர்க்கழகங்களின் உதைபந்தாட்டங்கள், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். கூட்டத்தில் தவறிய குழந்தையின் பெயரையும் சட்டையின் நிறத்தையும் பதற்றமின்றி ஒலிபெருக்கியில் சொல்லப் பழகிய ஒருவர், நேரடி ஒலிபரப்பின் பாதிப் பாடத்தைக் கற்றுவிட்டார் என்பேன்.

என் மனத்தை மிகவும் வருத்துகிற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1998 இல் சூரியன், சக்தி முதலிய தனியார் பண்பலைகள் தொடங்கியபின் இளைஞர்களுக்குப் புதிய வாய்ப்புகள் திறந்தன என்பது உண்மை. ஆனால் காலப்போக்கில், பண்பலையில் பேச வேண்டுமானால் சென்னைத் திரைப்படத்தில் வரும் இளைஞர்களைப்போலப் பேச வேண்டும், இடையிடையே ஆங்கிலம் கலக்க வேண்டும் என்ற எண்ணம் எப்படியோ பிள்ளைகளின் மனத்தில் பதிந்துவிட்டது. குரல்தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள், தங்கள் தாயுடன் பேசும் தமிழை ஒளித்துவைத்துவிட்டு, வேறோர் ஊரின் தமிழை ஒத்திகை பார்க்கிறார்கள். நன்றாகப் பேசக்கூடிய ஒரு மாணவன், அவன் பேச்சில் ஊர்வாடை அடிக்கிறது என்று தேர்வில் சொல்லப்பட்டதாக வந்து சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது. நெடுங்கேணியிலும் துணுக்காயிலும் வானொலி கேட்பவர்கள் அந்த ஊர்த்தமிழைப் பேசுகிறவர்கள்தானே? செய்திக்குச் செந்தமிழும் உரையாடலுக்கு ஊர்த்தமிழும் என்ற முறை, எங்கள் வானொலி நாடகங்கள் நீண்டகாலம் கடைப்பிடித்து வெற்றிபெற்ற முறை. அதைக் கைவிட்டதால் நாங்கள் அடைந்த நன்மை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மொழியின் அழகுக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. 2018 டிசெம்பர் 21 இரவு பெய்த பெருமழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை எனத் தாழ்நிலக் கிராமங்கள் நீரில் மூழ்கின. அப்படியோர் இரவில், எந்தக் குளம் வான்பாய்ந்தால் எந்தக் குடியிருப்புக்கு முதலில் தண்ணீர் வரும், எந்தப் பாலம் முதலில் மூடும், எந்தப் பாடசாலை மேட்டில் இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்த ஒரு குரல் வானொலியில் இருப்பதற்கும், கொழும்பிலிருந்து மாவட்டத்தின் பெயரை மட்டும் சொல்லும் செய்திக்கும் உள்ள வேறுபாடு உயிர்களோடு தொடர்புடையது. கைபேசிக் கோபுரங்கள் மின்சாரமின்றி ஓய்ந்துபோனாலும், இரண்டு பற்றரியில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி கேட்டுக்கொண்டிருக்கும். இணைய வானொலிகளை நடத்தும் எங்கள் இளைஞர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன்; ஆனால் அந்த இரவுக்கு இணையம் போதாது.

ஏ-9 வீதியில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே, கொக்காவிலில், 2011 இல் திறக்கப்பட்ட மாபெரும் ஒலி, ஒளிபரப்புக் கோபுரம் நிற்கிறது. வன்னி நிலத்தில் நின்று அது கொழும்பின் குரல்களை எங்களுக்குக் கொண்டுவருகிறது. வன்னியின் குரலை வன்னிக்கே கொண்டுசெல்லும் சிறு நிலையம் ஒன்று ஏன் அமையக் கூடாது? இது முன்னுதாரணம் இல்லாத கோரிக்கையன்று. மகாவலித் திட்டத்தில் புதிய இடங்களில் குடியேற்றப்பட்ட மக்களுக்காக இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் சமூக வானொலியைத் தொடங்கியது. 1989 இல் கொத்மலையில் ஒரு நிலையம் அமைந்து, ஊர்மக்கள் தாமே நிகழ்ச்சிகளில் பங்குகொண்டார்கள். மீள்குடியேறிய மக்கள் வாழும் வன்னிக்கு அந்தத் தேவை எள்ளளவும் குறைந்ததன்று. அவ்வாறான நிலையம் வந்தால் எங்கள் பிள்ளைகள் கொழும்பில் வாடகை அறை தேடாமலேயே தொழில் பழகலாம்; அவர்களுடைய தாய்மாருக்கும் பிள்ளை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

நிலையம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. குரல்தேர்வு நடத்தும் நிறுவனங்கள் ஒரு நாளைக் கிளிநொச்சியிலும் ஒரு நாளை முல்லைத்தீவிலும் ஒதுக்கலாம். அதிகாலைப் பேருந்தில் கொழும்புக்குச் சென்று, களைத்த குரலுடன் தேர்வில் அமரும் நிலை அதனால் நீங்கும். உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்ற பாடம் இருக்கிறது. எங்கள் பாடசாலையில் அதற்கு ஆசிரியர் இல்லை. கல்வி வலயத்தில் பொறுப்பிலுள்ளவர்கள் இதை வாசிப்பார்களாயின், அந்த வெற்றிடத்தை நிரப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு நான் சொல்வது, படிப்பை விடாதீர்கள் என்பதே. இந்தத் தொழிலில் தொடக்கச் சம்பளம் பெரிதன்று. பலர் பகுதிநேரமாகவே தொடங்குகிறார்கள். நிறைய வாசித்தவருடைய பேச்சில்தான் பத்தாவது ஆண்டிலும் புதிதாகச் சொல்ல ஏதாவது இருக்கும்.

வருகிற தவணையிலிருந்து, பாடசாலை முடிந்தபின் வாரத்தில் ஒரு நாள், மாணவர்களைக் கொண்டு ஊர்ச்செய்தி, குளங்களின் நீர்மட்டம், நெல்விலை, முதியவர்களின் நேர்காணல் ஆகியவற்றைப் பதிவுசெய்து, பெற்றோரின் வட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்ப எண்ணியிருக்கிறோம். ஒலிபரப்புத் துறையில் அனுபவமுள்ளவர்கள், விடுமுறையில் ஊருக்கு வரும்போது எங்கள் பிள்ளைகளுடன் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட முடியுமானால் உள்பெட்டியில் தெரிவியுங்கள். பயன்படுத்தாத ஒலிவாங்கியோ தலையணி ஒலிக்கருவியோ உங்களிடம் இருந்தால் அதையும் நன்றியுடன் பெற்றுக்கொள்வோம்.